பெரிய பவளப்பாறைத் தொட்டி: எங்கே நின்று, எதைப் பார்ப்பது?

#1 மீன்கொத்தி

போன வாரம் சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயின்சஸ் கட்டடத்துக்குள் இருக்கும் ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். பிலிப்பைன்ஸ் பவளப்பாறை என்று அங்கே ஒரு தொட்டி. 2,12,000 கேலன், அதாவது சுமார் 8 லட்சம் லிட்டர் தண்ணீர். ஆழம் 25 அடி. நுழைந்த தளத்தில் நின்றால் நீர்ப்பரப்பை மேலிருந்து எட்டிப் பார்க்கலாம். படியிறங்கிக் கீழே போனால் அதே பாறையின் அடிவாரத்துக்கு வந்துவிடுவோம். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் மேலே வெளிச்சம் உடைந்து உடைந்து ஆடிக்கொண்டிருக்கும்.

இங்கே அரை மணி நேரம், அப்புறம் மற்ற கூடங்கள் என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். பெரிய கண்ணாடியின் முன்னால் போய் நின்றவன் இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் நகர்ந்தேன். மற்ற எதையும் பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

முதல் இருபது நிமிடம் மீன்களைத்தான் பார்த்தேன். மஞ்சளும் நீலமுமாகக் கண்ணைப் பிடித்து இழுக்கின்றன, அப்படித்தான் இருக்கும். பிறகு கண் ஓரிடத்தில் நின்றது. மான்கொம்பு போலக் கிளைவிட்ட ஒரு பவளம், கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி. உடம்பெல்லாம் தேன் நிறம், நுனிகள் மட்டும் வெளுத்து லேசாக ஊதா. அதைச் சுற்றிக் கட்டைவிரல் நீளத்தில் வெளிர்நீல மீன்கள், ஒரு நாற்பது இருக்கும். பெரிய மீன் எதுவும் மேலே கடந்தால் அத்தனையும் ஒரே நொடியில் கிளைகளுக்குள் மறைந்துவிடும், யாரோ நூலைப் பிடித்து இழுத்ததுபோல. அது போனதும் ஒவ்வொன்றாகத் தலைநீட்டும். இதை எத்தனை தடவை பார்த்தேனோ! கடைசியில் மீன்களை விட்டுவிட்டு அந்தக் கிளையையே பார்க்க ஆரம்பித்தேன். அதன் மேல் பூனைமுடி மாதிரி ஏதோ இருந்தது. அசைந்தது. தண்ணீர் அசைவதால் அசைகிறதா, தானாகவே அசைகிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பக்கத்தில் நின்ற ஒருவர் தன் வீட்டாரிடம், "இதெல்லாம் செய்து வைத்தது, மீன் மட்டும்தான் நிஜம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் மறுத்துச் சொல்லவும் விஷயம் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அது உயிருள்ளதா? உயிருள்ளது என்றால் இவ்வளவு பெரிய தொட்டியில் எப்படி வைத்துக் காப்பாற்றுகிறார்கள்? வரும் வியாழக்கிழமை மறுபடியும் போகிறேன். இந்தத் தடவை எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது?


#2 உப்புநீர்

உயிருள்ளதுதான் நண்பரே. நீங்களே அடையாளத்தைச் சொல்லிவிட்டீர்கள். மான்கொம்புப் பவளத்தில் வெளுத்த நுனி என்றால் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. புதிதாகக் கட்டிய இடம் அது, பவளத்தின் தோலுக்குள் வாழும் பாசி இன்னும் அங்கே போய் நிறையவில்லை. வீட்டில் பதினோரு வருடமாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன், சின்னதுதான். காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அந்த வெள்ளை நுனிகளைத்தான். நுனி பழுப்பாகிவிட்டால் வளர்ச்சி நின்றுவிட்டது, எங்கோ பிசகு என்று அர்த்தம்.

அந்த மனிதர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. உலகத்தில் பவளப்பாறை என்று பெயர் போட்டிருக்கும் பெரிய தொட்டிகளில் நிறைய இடங்களில் பவளம் செய்து வைத்ததுதான். பால்டிமோர் நேஷனல் அக்வேரியத்தில் 2013-ல் திறந்த கருந்துடுப்புச் சுறாத் தொட்டியில் இருக்கும் பவளங்கள் கையால் செய்தவை. இது ஏமாற்று வேலை கிடையாது. சுறாவும் பெரிய கிளிமீனும் கூட்டம் கூட்டமாகத் திரியும் தண்ணீரில் கழிவு அதிகம், உயிர்ப்பவளத்துக்கு அது ஆகாது. கிளிமீனுக்குப் பவளத்தையே கடித்துத் தின்னும் பழக்கமும் உண்டு. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், முதலில் மேலே பாருங்கள். விளக்கு கண் கூசினால் பவளம் உயிருள்ளதாக இருக்க வாய்ப்பு அதிகம். மங்கலான நீல வெளிச்சத்தில் பெரிய மீன்கள் மிதக்கும் தொட்டி என்றால் செய்து வைத்ததாகத்தான் இருக்கும். அடுத்து, பவளத்தின் அடிப்பக்கம். நிழல் விழும் இடத்தில் உயிர்ப்பவளம் மெலிந்து, நிறம் மங்கி, சில இடங்களில் செத்தும் கிடக்கும். செய்து வைத்ததில் மேலும் கீழும் ஒரே சாயம். ஒழுங்கில்லாத இடத்தைத் தேடுங்கள், அங்கே உயிர் இருக்கும்.

காப்பாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். அது பெரிய கதை. பவளம் தன் எலும்புக்கூட்டைத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான் கட்டுகிறது. கடலில் அது தீராது. தொட்டியில் தினமும் தீர்ந்துகொண்டே இருக்கும். ஒரு லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே கால்சியம் இருக்க வேண்டும், உப்பு 35 கிராம், வெப்பம் 25, 26 டிகிரி. இந்த எண்களை எட்டுவது சுலபம். வருடக்கணக்கில் அசையாமல் வைத்திருப்பதுதான் வேலை. செத்த பவளத் துண்டுகளை ஒரு உருளையில் நிரப்பி, கரியமில வாயுவை ஏற்றி, அந்தச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தொட்டிக்குள் விடுவது ஒரு முறை. பழைய பவளத்தைக் கரைத்துப் புதிய பவளத்துக்குக் கொடுக்கிறோம். இத்தனை வருடம் ஆகியும் அந்த உருளையைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ செய்கிறது.


#3 பவழமல்லி

நல்ல இழை. என் மகனுக்கு ஆறு வயது. போன மாதம் ஒரு பெரிய தொட்டியின் முன்னால் நின்று, "பாறை எப்படிம்மா வளரும்?" என்று கேட்டான். பலகையில் "இந்தப் பவளப்பாறை வளர்ந்துகொண்டிருக்கிறது" என்று எழுதியிருந்ததை நான்தான் படித்துக் காட்டியிருந்தேன். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. செடி மாதிரி என்று சொல்லிவைத்தேன். அது தவறு என்று எனக்கே தெரியும். குழந்தைக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லிக் கொடுங்களேன்.


#4 நுண்ணோக்கி

பவழமல்லி அக்கா, உங்கள் மகனின் கேள்வி சரியான இடத்தைத் தொட்டுவிட்டது. தவறு பெயரில் இருக்கிறது. பாறை என்று சொல்லிவிட்டதால் நாம் கல்லைப் பார்க்கிறோம். பவளம் என்று மட்டும் சொன்னாலோ மோதிரத்தில் பதிக்கும் செம்மணி நினைவுக்கு வருகிறது. அந்தச் செம்பவளம் தூரத்து உறவு. வெளிச்சம் குறைந்த ஆழத்தில் வாழ்வது, பாசித் துணை இல்லாதது, பாறை கட்டாதது.

மகனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒரு குட்டிப் பிராணி. அரிசி அளவுதான் இருக்கும், சில வகை இன்னும் சின்னது. உடம்பு ஒரு பை. பையின் வாயைச் சுற்றிக் கைகள். அதற்குக் கண் இல்லை, கால் இல்லை. உட்கார்ந்த இடத்தில் தனக்கு அடியில் சுண்ணாம்பில் ஒரு கிண்ணம் கட்டும். கொஞ்ச நாள் கழித்து அந்தக் கிண்ணத்துக்கு மேலேயே இன்னொரு தளம் போட்டு ஏறி உட்காரும். பக்கத்தில் தன்னைப்போலவே ஒன்றை உண்டாக்கும். அது இன்னொன்றை உண்டாக்கும். ஆயிரக்கணக்கான பிராணிகள் தோலோடு தோல் ஒட்டி ஒரே வீட்டின் மேல் குடியிருக்கின்றன. வீடு வளர்கிறது, அதைத்தான் பாறை வளர்கிறது என்கிறோம். மீன்கொத்தி பார்த்த பூனைமுடி அந்தப் பிராணிகளின் கைகள். அந்தப் பிராணியைத்தான் பாலிப் என்பார்கள்.

செடி மாதிரி என்று நீங்கள் சொன்னதும் பாதி சரிதான். பவளத்தின் தோலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை வெளிச்சத்தில் சமைத்த சர்க்கரையில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுத்துவிடும். சில வகைகளுக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரை அந்தச் சமையலிலிருந்துதான் வருகிறது. உப்புநீர் சொன்ன கண் கூசும் விளக்கு இந்தப் பாசிகளுக்காகத்தான். பவளத்தின் தேன் நிறமும் பாசியின் நிறமே.

வளரும் வேகமும் வகைக்கு வகை மாறும். மான்கொம்பு வகைகள் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல்கூட நீளும். உருண்டையான பொரைட்டீஸ் வகை வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் பருக்கும். கடலில் ஆள் உயர பொரைட்டீஸ் உருண்டையைப் பார்த்தால் அதன் வயதை நீங்களே மனதுக்குள் போட்டுப் பாருங்கள்.


#5 முக்குளிப்பான்

நான்கு வருடம் ஒரு மீன்காட்சியகத்தில் தன்னார்வ முக்குளிப்பாளனாக இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், அது கண்ணாடி கிடையாது. பெரிய தொட்டிகளில் அக்ரிலிக் பலகைதான். தெளிவானது, வலுவானது, ஆனால் சுலபத்தில் கீறல் விழும். எங்கள் வேலையில் பாதி அதைத் துடைப்பதுதான். பிரகாசமான விளக்கு என்றால் பாசிக்கும் கொண்டாட்டம், இரண்டே நாளில் பச்சைப் படலம் கட்டிவிடும். மென்மையான துணிப்பட்டையால் மேலிருந்து கீழே தேய்த்துக்கொண்டு வர வேண்டும். பட்டைக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், நாம் தேய்த்த நீளத்துக்குக் கோடு விழுந்துவிடும். அதனால் அடிமணலுக்குப் பக்கத்தில் வந்ததும் கை தானாக மெதுவாகும். நான் தொட்டியில் இறங்குவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது, இன்றைக்கும் வீட்டு ஜன்னலைத் துடைக்கும்போது கீழ்மூலையில் கை மெதுவாகிறது.

உயிர்ப்பவளத் தொட்டியில் இறங்குவது மற்ற தொட்டிகளைப்போல் இல்லை. எதன்மேலும் கால் வைக்க முடியாது, கை ஊன்ற முடியாது. மூச்சை வைத்துத்தான் உடம்பை ஏற்றி இறக்க வேண்டும். துடுப்பு ஒரு கிளையில் பட்டால் அது ஒடிந்துவிடும். முதல் வருடம் நான் ஒன்றை ஒடித்தேன். விரல் நீளத் துண்டு. மேலே கொண்டுவந்து கொடுத்தபோது பொறுப்பாளர் கோபப்படவில்லை. அதை ஒரு சிறு கல்லில் பசை வைத்து ஒட்டிப் பின்கட்டுத் தொட்டியில் வைத்தார். இரண்டு மாதத்தில் அடிப்பகுதி கல்லின் மேல் மெழுகுபோலப் படர்ந்து பிடித்துக்கொண்டது. ஒரே துண்டிலிருந்து இப்படி எத்தனையோ உண்டாக்கி மற்ற மீன்காட்சியகங்களுக்குக் கொடுப்பார்கள். ஓரிடத்தில் தொட்டி கவிழ்ந்தாலும் அந்த இனம் வேறோரிடத்தில் இருக்கும் அல்லவா.

மக்களுக்குத் தெரியாத ஒரு கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். இந்தத் தொட்டியில் மீனுக்கு நோய் வந்தால் தண்ணீரில் மருந்து போட முடியாது. மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குத் தாமிரம் நல்ல மருந்து. அதே தாமிரம் பவளத்தையும் இறாலையும் சிப்பியையும் கொன்றுவிடும். ஆகவே நோயுற்ற மீனைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். ஆயிரம் பொந்து உள்ள பாறையில் ஒரு மீனைப் பிடிப்பது என்றால் என்னவென்று இறங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நீலநிற சர்ஜன் மீனுக்காக நாங்கள் மூன்று வாரம் பொறி வைத்துக் காத்திருந்தோம். பொறிக்குள் உணவு வைப்போம், அது வந்து வாயைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போகும். கடைசியில் அகப்பட்டது, தேறியது, திரும்ப உள்ளேயும் விட்டோம். புதிதாக வரும் மீன் எதையும் வாரக்கணக்கில் தனியே வைத்துப் பார்த்த பிறகுதான் தொட்டிக்குள் விடுவது இதனால்தான்.


#6 அலையாத்தி

எல்லாரும் ரசித்து எழுதியிருக்கிறீர்கள். குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும், என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த மீன்கள் எங்கிருந்து வந்தன? அந்தப் பவளங்கள் முதலில் எங்கே இருந்தன? பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அலங்கார மீன் பிடிக்க சயனைடு கரைசலைப் பவளத்தின்மேல் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்தது எல்லாரும் அறிந்த விஷயம். மீன் மயங்கும், பவளம் சாகும். கடலில் பவளப்பாறைகள் வெளுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு நகரத்தின் நடுவே, மின்சாரத்தைக் கொட்டி, ஒரு துண்டுக் கடலைக் கட்டி வைத்துக் காட்டுவதால் கடலுக்கு என்ன பயன்? பார்த்துவிட்டு வருபவர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்ற நினைப்போடு போய்விட மாட்டார்களா? எனக்கு உண்மையாகவே அந்தப் பயம் இருக்கிறது. நான் முதலில் பார்த்த பவளப்பாறை கடலில். இருபது வருடம் கழித்து அதே இடத்தில் இறங்கியபோது அங்கே இருந்தது சாம்பல் நிறக் குப்பைமேடு.


#7 உப்புநீர்

அலையாத்தி, மன்னிப்பு எதற்கு? இந்தக் கேள்வி இல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

பவளத்தைப் பொறுத்தவரை நிலைமை நிறைய மாறியிருக்கிறது. முக்குளிப்பான் சொன்ன மாதிரி துண்டு வைத்து வளர்த்ததையே பரிமாறிக்கொள்கிறோம். என் தொட்டியில் இருப்பவை எல்லாம் யாரோ ஒருவரின் தொட்டியில் வளர்ந்ததன் துண்டுகள். மீனைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. கோமாளி மீன் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும், அது பழைய செய்தி. மஞ்சள் டாங் என்ற மீனைத் தொட்டியில் வளர்த்தெடுக்க 2015 வரை ஆயிற்று, ஹவாயில் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் செய்தது. குஞ்சுகள் தூசி அளவு, அவற்றுக்கு ஏற்ற இரை கிடைப்பதே பாடு. இன்றும் கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலான இனங்கள் கடலில் பிடித்தவைதான். இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

வெளுப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கோடையில் என் தொட்டியின் ஹீட்டர் இரவில் அணையாமல் மாட்டிக்கொண்டது. காலையில் பார்த்தால் 31 டிகிரி. அன்றைக்கு எதுவும் தெரியவில்லை. நான்காவது நாள் என் பழைய பவளத்தின் தோளில் ஒரு வெளிறல். ஒரு வாரத்தில் முழுக்க வெள்ளை. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது பாலிப்கள் கண்ணாடித்துண்டு மாதிரி ஒளி ஊடுருவ நின்றன, கைகளை மெல்ல அசைத்துக்கொண்டு. உயிர் இருக்கிறது, உள்ளே பாசி இல்லை. தோலுக்குள்ளே எலும்பு தெரிகிறது, அந்த வெள்ளைதான் அது. நான்கு மாதம் வெப்பத்தை இறக்கி, இரவில் துளித்துளியாக இரை ஊட்டினேன். ஒன்று மீண்டது. மூன்று போய்விட்டன. கடல் வெளுக்கிறது என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அசைந்த கைகள்தான் கண் முன்னால் வரும். கடலில் யாரும் வெப்பத்தை இறக்கிக் கொடுக்க முடியாதே.


#8 நுண்ணோக்கி

அலையாத்தியின் கேள்விக்கு என் பங்கு. கடலுக்கு என்ன பயன் என்று கேட்டீர்கள். இருபது வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் பதில் சொல்லக் கஷ்டப்பட்டிருப்பேன். இப்போது சொல்ல முடியும்.

பல பவளங்கள் வருடத்தில் ஓரிரு இரவுகளில்தான் முட்டையும் விந்தும் விடுகின்றன. பௌர்ணமி கழிந்த சில இரவுகளில், இருட்டிய பிறகு, ஒரே நேரத்தில். கடுகளவு இளஞ்சிவப்பு உருண்டைகள் ஆயிரக்கணக்கில் மேலே மிதந்து ஏறும். உலர்ந்த தரையில் இருக்கும் ஒரு தொட்டியில் இதை விரும்பிய நேரத்தில் நடத்த முடியுமா என்று லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் மீன்காட்சியகத்தில் முயன்றார்கள். வருடம் முழுவதுக்குமான கடல் வெப்பம், சூரியன் எழும் நேரம், நிலா தேய்ந்து வளரும் வெளிச்சம் எல்லாவற்றையும் எல்இடி விளக்குகளாலும் கணினியாலும் தொட்டிக்குள் கொண்டுவந்தார்கள். 2013-ல் திட்டமிட்டபடியே பவளம் முட்டையிட்டது. ஃப்ளோரிடா அக்வேரியம் அந்த முறையைக் கற்றுக்கொண்டு 2019 ஆகஸ்டில் அட்லாண்டிக் தூண் பவளத்தை ஆய்வகத்தில் முட்டையிட வைத்தது. அந்த இனத்துக்கு அது முதல் தடவை.

அந்தப் பவளத்துக்கு அது ஏன் முக்கியம் என்றால், 2014-ல் மயாமிக்குப் பக்கத்தில் பவளத்தின் தசையையே உரித்தெடுக்கும் ஒரு நோய் தொடங்கிக் கரை நெடுகப் பரவியது. தூண் பவளம் அங்கே கடலில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. நோய் எட்டுவதற்கு முன்னால் ஆரோக்கியமான பவளங்களைப் பெயர்த்தெடுத்து அமெரிக்கா முழுக்க உள்ள மீன்காட்சியகங்களுக்கும் உயிரியல் பூங்காக்களுக்கும் அனுப்பினார்கள். வாங்கி வைக்க இடமும், வைத்துக் காப்பாற்றத் தெரிந்த கைகளும் ஏன் இருந்தன? இந்த மாதிரித் தொட்டிகளை வருடக்கணக்கில் நடத்தியதால்தான். 2023 கோடையில் ஃப்ளோரிடா கடல் கொதித்தபோதும் கடலில் நட்டு வளர்த்த பவளங்களை அவசரமாகத் தரைத் தொட்டிகளுக்கு மாற்றினார்கள்.

இதனால் கடல் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பு நடக்கிறது என்று அறிவித்தார்கள். தொட்டி எவ்வளவு பெரிதானாலும் அது கடலுக்கு ஈடாகாது. விதை நெல்லைக் காக்கும் குதிர் என்று வேண்டுமானால் சொல்லலாம். வயலில் தண்ணீர் வந்தால்தான் அதற்கும் வேலை.


#9 அலையாத்தி

நுண்ணோக்கி, தூண் பவளம் பற்றி எனக்கு இவ்வளவு தெரியாது. நன்றி. அதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் எல்லா மீன்காட்சியகமும் ஃப்ளோரிடா கிடையாது. வேடிக்கை காட்டுவதற்காக மட்டும் கட்டியவையும் நிறைய. அதனால் மீன்கொத்திக்கு ஒரு வேண்டுகோள். வியாழக்கிழமை போகும்போது அங்கே வேலை செய்பவர்களிடம், "இந்தப் பவளம் எங்கே பிறந்தது? இந்த மீன் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். பதில் இருக்கும் இடமென்றால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். நிறையப் பேர் கேட்க ஆரம்பித்தால் பதில் இல்லாதவர்களும் பதில் தேட வேண்டிவரும்.


#10 முக்குளிப்பான்

அலையாத்தி சொன்னதை நானும் சொல்கிறேன். எங்களிடம் அந்தக் கேள்வியை நான்கு வருடத்தில் மூன்று பேர்தான் கேட்டார்கள். கேட்ட மூவரையும் பின்கட்டுக்கே அழைத்துப்போய்க் காட்டினார் பொறுப்பாளர்.

சரி, எங்கே நிற்பது என்ற கேள்விக்கு வருகிறேன். மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று போய்விட்டு, ஓரமாக, கூட்டம் இடிக்காத ஒரு சின்ன ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரிய கண்ணாடியில் எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும், அதனால் எதுவும் தெரியாது. பலகைக்கு நேராக நில்லுங்கள். சாய்வாகப் பார்த்தால் ஓரங்களில் நிறம் பிரிந்து உருவம் மங்கும். நேராகப் பார்த்தாலும் தண்ணீருக்குள் இருப்பது எல்லாம் உள்ளதைவிடப் பக்கத்திலும் பெரிதாகவும் தெரியும், நான்கடியில் இருப்பது மூன்றடியில் இருப்பதாகக் கண் சொல்லும். நீங்கள் பார்த்த அந்த ஒரு முழம் உண்மையில் இன்னும் தள்ளி இருந்திருக்கும்.

ஒரே இடத்தைப் பாருங்கள். கையை வைத்து மறைக்கக்கூடிய அளவு இடம் போதும். பத்து நிமிடம் பேசாமல் நின்றால் அந்த இடத்து மீன்கள் திரும்பத் திரும்ப வரும், யாருக்கு எது வீடு என்று தெரிய ஆரம்பிக்கும். விரல் நீளத்தில் நீலக்கோடு ஓடும் ஒரு மெல்லிய மீன் ஏதாவது கல்லின்மேல் குதித்துக் குதித்து ஆடினால் அங்கேயே நின்றுவிடுங்கள். துப்புரவு மீன் அது. பெரிய மீன்கள் வந்து வாயையும் செவுளையும் திறந்து காட்டி அசையாமல் நிற்கும், இது உள்ளே போய் ஒட்டுண்ணிகளைத் தின்றுவிட்டு வெளியே வரும். அப்புறம் ராட்சதச் சிப்பி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் உதட்டோரம் நெடுக நூற்றுக்கணக்கான புள்ளிக் கண்கள். மேலே ஒரு மீனின் நிழல் விழுந்தாலும் உதட்டைச் சுருக்கும்.

படம் எடுப்பதானால் ஃபிளாஷ் வேண்டாம். மீனுக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் வெள்ளைப் புள்ளிதான் கிடைக்கும். கேமராவைப் பலகையோடு ஒட்டிப் பிடியுங்கள். பலகையைத் தட்டாதீர்கள். உள்ளே அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும், நெஞ்சில் குத்துகிற மாதிரி இருக்கும்.


#11 பவழமல்லி

நேற்று மகனை மறுபடி அழைத்துப்போனேன். நுண்ணோக்கி சொன்ன கிண்ணக் கதையை வழியிலேயே சொல்லிவிட்டேன். தொட்டியின் முன்னால் நின்று வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, இதுங்க எல்லாம் கைகோத்துக்கிட்டுத் தூங்குதா?" என்றான். இல்லை, சாப்பாட்டுக்குக் கை நீட்டுகின்றன என்றேன். தன் கையையும் விரல்களை விரித்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் வந்த மற்றொரு குழந்தையிடம், "இது கல்லு இல்ல, இதுக்கு வாய் இருக்கு" என்று சொல்லிக்கொடுத்தான்.

இங்கே எழுதிய எல்லாருக்கும் நன்றி. துப்புரவு மீனையும் அவன்தான் முதலில் கண்டுபிடித்தான்.


#12 நுண்ணோக்கி

அக்கா, படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. அவனுக்கு இன்னும் ஒரு செய்தி: பவளங்கள் சண்டையும் போடும். இடம் போதாவிட்டால் பக்கத்துப் பவளத்தை எட்டுவதற்கு நீளமான கொட்டும் கைகளை இரவில் வெளியே விடும். கேலக்ஸியா என்ற வகையின் கைகள் நூல் மாதிரி வெகுதூரம் நீளும். பெரிய தொட்டியில் இரண்டு பவளங்களுக்கு நடுவே ஒரு வெறும் கோடு தெரிந்தால் அது எல்லை. அதைத் தேடச் சொல்லுங்கள்.

உயிர்ப்பவளத் தொட்டி பார்க்கவேண்டும் என்று நினைக்கும் மற்றவர்களுக்கு: ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில்லில் 1987-ல் திறந்த தொட்டி 25 லட்சம் லிட்டர், கூரையில்லாமல் வெயிலிலேயே இருந்தது. புதுப்பிக்கும் வேலைக்காக 2021-ல் மூடினார்கள், போகிறவர்கள் விசாரித்துக்கொண்டு போங்கள். நெதர்லாந்தில் ஆர்னெம் நகரத்து பர்கர்ஸ் உயிரியல் பூங்காவில் ஏழரை லட்சம் லிட்டர், 2000-லிருந்து. ஜப்பானின் ஒகினாவா சுராவுமி மீன்காட்சியகத்தில் கடல்நீரையே தொடர்ந்து இறைத்து, வெயிலிலேயே பவளம் வளர்க்கிறார்கள். அங்கே தொட்டியிலேயே பவளம் முட்டையிடுகிறது.


#13 மீன்கொத்தி

வியாழக்கிழமை இரவு போய்வந்தேன். அங்கே வியாழன் இரவுகளில் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காகத் திறந்து வைக்கிறார்கள். மேல்தளத்தில் இசை, ஒரே கூட்டம். கீழே இறங்கி, முக்குளிப்பான் சொன்னபடி ஓரத்து ஜன்னல் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

அலையாத்தி, கேட்டேன். அங்கிருந்த ஒரு பெண்ணிடம், அந்த மான்கொம்புப் பவளத்தைக் காட்டி, எங்கே பிறந்தது என்று கேட்டேன். ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து நின்று பேச ஆரம்பித்தார். துண்டு வைத்து வளர்த்தது என்றார். அதே பாறையில் அதன் துண்டுகள் வேறு எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டினார். மீன்களைப் பற்றியும் கேட்டேன். சில வளர்த்தவை, நிறைய கடலிலிருந்து வந்தவை என்று ஒளிக்காமல் சொன்னார்.

அவர் போன பிறகு நான் அந்தக் கிளைக்கே திரும்பினேன். கூரைக்கு மேலே வானம் இருட்டியிருந்தது. அந்த வெளிர்நீல மீன்கள் இந்தத் தடவை ஒன்றாக ஓடி ஒளியவில்லை. ஒவ்வொன்றாக இறங்கிக் கிளைகளுக்கு நடுவே தனக்கென்று ஓரிடம் பார்த்து நின்றன. இரண்டு ஒரே இடத்துக்கு வந்தால் ஒன்று விலகிக்கொண்டது. பகலில் பூனைமுடியாகத் தெரிந்தது இப்போது நன்றாக நீண்டிருந்தது. கிளை முழுவதும் கைகள். தண்ணீர் ஒரு பக்கம் தள்ளியபோது எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தன. ஒன்று மட்டும், ஏதோ ஒரு துணுக்கு அதன்மேல் பட்டிருக்க வேண்டும், சாயாமல் உள்ளே மடங்கிக்கொண்டது. சற்று நேரம் கழித்து மறுபடி விரிந்தது.

தானாகத்தான் அசைகிறது.


#14 உப்புநீர்

நுனி இன்னும் வெள்ளையாகத்தானே இருக்கிறது?


#15 மீன்கொத்தி

ஆமாம். போன வாரத்துப் படத்தோடு வைத்துப் பார்த்தேன். வெள்ளைதான்.